தமிழம்மா வீட்டு மாதச் சிட்டை

(கிருஷ்ணன்கோவிலில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், தனியார் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "டீச்சர், சிலப்பதிகாரம் பேசுவீங்கன்னு வந்தா, மளிகைச் சிட்டை பேசப் போறீங்களாமே?" என்று வாசலிலேயே கேட்டார். சிலப்பதிகாரத்துக்கும் வருவேன். சிட்டை வழியாக வருவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரு தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த அரசஞ்சண்முகனார் விடுப்பில் போனதால் காலியான இடம் அது. தற்காலிக வேலை, மாதச் சம்பளம் 17 ரூபாய் 8 அணா. சேர்ந்தவருக்கு வயது 21. நவம்பர் 10 வரை பாடம் நடத்திவிட்டு, சென்னைக்குப் போய் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்துவிட்டார். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த 1904இல்தான் பாரதிக்கு மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தார். தலைப்பிள்ளை பிறக்கிற வருடம், கையில் இருப்பதோ இன்னொருவர் விடுப்பு முடிந்தால் போய்விடுகிற வேலை. இந்த அரங்கில் இருக்கும் தற்காலிக ஆசிரியர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதினேழரை ரூபாய் என்றதும் நாம் எல்லோரும் உச்சுக்கொட்டுவோம். நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்து சவரன் காசுக்கு அரசாங்கம் வைத்திருந்த மதிப்பு 15 ரூபாய். நகைக்கடையில் நாம் ஒரு பவுன் என்று கேட்கும் எட்டு கிராம், அந்தக் காசின் எடைதான். ஆக, பாரதியார் மாதம் ஒரு பவுனுக்கு மேல் சம்பாதித்திருக்கிறார். என் சம்பளம் 14,000 ரூபாய். ஐந்து மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாலும் இன்றைக்கு ஒரு பவுன் வராது.

சிரிக்கிறீர்கள். தங்கத்தை வைத்து அளப்பது முழு நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். தங்கம் ஏறிய வேகத்தில் கலெக்டர் சம்பளமே ஏறவில்லை. ஆனாலும் பாரதியாருக்காக உச்சுக்கொட்டுகிற நாம், பக்கத்துத் தெரு தமிழாசிரியரைப் பார்த்து "உங்களுக்கென்ன டீச்சர், லீவு நிறைய" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ, மகன் ஆறாம் வகுப்பு. சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, அடுத்து மளிகைக்கடை அண்ணாச்சியின் பாக்கி, பிறகு ஏலச்சீட்டு, பிறகு நகைக்கடன் வட்டி. தீபாவளிப் பண்டுச் சீட்டு தனி. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இவை இல்லையென்றால் அண்ணாச்சி சிட்டையில் இன்னும் ஒரு பக்கம் கூடியிருக்கும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறோம். தாண்டிய பிறகு அந்தப் பக்கம் தனியாக ஒரு வசதியும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக நம்முடைய ஸ்டாப்பில் நின்றால், மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் ஏறினால் டிக்கெட். டவுன் பஸ் எப்போது வருமோ அப்போது வரும். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம். நான் அந்த நேரத்தில் கட்டுரை நோட்டுத் திருத்துவேன். டீக்கடையில் இங்குள்ள பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒரு பெண் நான் திருத்துவதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, தமிழ்ல இவ்ளோ மிஸ்டேக் வருமா?" என்று கேட்டாள். வரும் கண்ணு, சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான் என்றேன்.

பெற்றோர் நிறையப் பேர் வந்திருப்பதால் பள்ளி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியர் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. இருந்தும் மகளை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் போட்டோம். சலுகை போக மீதிக் கட்டணம், வேன் காசு, புத்தகம், இரண்டு விதச் சீருடை, ஆண்டு விழாவுக்கு டான்ஸ் டிரஸ் என்று கூட்டினேன். இந்தப் பக்கம் பாடநூல், பை, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் இலவசம். அப்போது புதுமைப்பெண் திட்டம் வரவில்லை. அது 2022 செப்டம்பரில் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. இதையெல்லாம் நான் முன்கூட்டியே கணித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். காசில்லாமல் எடுத்த முடிவு, பிறகு கெட்டிக்கார முடிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பேச்சு வராமல் இல்லை. "டீச்சர் பிள்ளையே அரசுப் பள்ளிக்குப் போகுதா? அப்ப அவுக பள்ளிக்கூடத்து மேல அவுகளுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என் காதுபடவே கேட்டார்கள். என் மாமியார்தான் பதில் சொன்னார்: "ஓட்டல்ல சமைக்கிறவன் வீட்டுல கஞ்சி குடிக்கலையா?" எனக்கு அந்த வாதம் முழுதும் சம்மதமில்லை, அரசுப் பள்ளியைக் கஞ்சி என்று சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

தமிழாசிரியருக்கென்று தனியாக ஒரு பணச் சிக்கல் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. கணக்கு ஆசிரியருக்கு மாலையில் ட்யூஷன் உண்டு. இயற்பியல், வேதியியல் ஆசிரியருக்கும் உண்டு. சில வீடுகளில் சம்பளத்தைவிட அது அதிகம். தமிழுக்கு யார் ட்யூஷன் வைக்கிறார்கள்? பரீட்சைக்கு முந்தின வாரம் இலக்கணக் குறிப்பு கேட்டுச் சிலர் வருவார்கள். கொண்டுவருவது ஒரு சீப்பு வாழைப்பழம். திருத்துகிற வேலையோ எங்களுக்குத்தான் அதிகம். கணக்கில் விடையைப் பார்த்து டிக் போடலாம். 'என்னைக் கவர்ந்த தலைவர்' என்று ஒரு வகுப்பே எழுதியதை வரிவரியாகப் படித்து ஒற்று போட வேண்டும், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தலைவர் ஒரே கைடு வழியாகக் கவர்ந்திருந்தாலும்.

அதோடு இலவச வேலைகள். "டீச்சர், ரெண்டு வரி எழுதிக் குடுங்க." பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கட்சிக்காரருக்கு வாழ்த்து மடல், ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு வழியனுப்பு மடல், இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி. பிளம்பரைக் கூப்பிட்டு, ரெண்டு குழாய் சும்மா மாட்டிக் குடுங்க என்று யாரும் கேட்பதில்லை. சிவகாசியில் மட்டும் இதற்கு மதிப்பு தெரியும். அங்கே அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்தம் செய்துகொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வரும். காலண்டர் சீசனில் நானும் செய்கிறேன். ராகு காலமும் எமகண்டமும் மாறிப் போகாமல் பார்ப்பதில், புறநானூறு நடத்துவதைவிடப் பொறுப்பு கூடுதல். தப்பினால் ஊரே கேட்கும்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. மெட்ரிக் பள்ளிகளிலும் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானது. என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம், நன்றியோடு சொல்கிறேன். அது பாடத்தைக் கட்டாயமாக்கியது. பாடம் நடத்துகிறவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. அரசுப் பள்ளியில்கூட 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கும்போது பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு 15,000 ஆனது. கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியைத் தொட்டதே அண்மையில்தான்.

சரி, காசு குறைந்தால் வீட்டில் முதலில் எதை வெட்டுவோம்? பாலை வெட்ட மாட்டோம், மகனின் கண்ணாடியை வெட்ட மாட்டோம். நாளிதழை வெட்டுவோம், இலக்கியப் பத்திரிகைச் சந்தாவை வெட்டுவோம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் போய், பத்து விழுக்காடு தள்ளுபடி போக மீதி விலையைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம். ஆய்வகம் இல்லாத வேதியியல் பாடத்தை எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புது நூல் ஒன்றுகூடப் படிக்காத தமிழாசிரியரை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஆய்வகம் எங்கள் வீட்டு அலமாரிதான், அதற்கான செலவு மளிகைச் சிட்டையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. எப்போதும் மளிகைதான் ஜெயிக்கும்.

இதற்கு நான் கண்ட வழிகள் சில உண்டு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. கட்டிய வரியை வசூல் பண்ண வேண்டாமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875லிருந்து இருக்கிறது. நம் வட்டாரத்தில் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்ததைத் தெரியாதவர் கிடையாது, ஒன்றரை நூற்றாண்டு பழைய நூலகம் இருப்பதைத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே அதற்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் செலவு பஸ் காசும் ஆளுக்கொரு வடையும்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். மகன் விளையாட்டு முடித்து, மகள் பாட வீடியோ முடித்து, ராத்திரி என் கைக்கு வரும்போது சார்ஜ் இருந்தால் படிக்கலாம்.

இதைச் சொன்னால், "அதனாலென்ன டீச்சர், புலமையும் வறுமையும் சேர்ந்தே இருக்கும்" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். இன்று நான் மறுக்க வந்தது அந்தப் பாராட்டைத்தான். அது உண்மையே இல்லை என்பதற்கு எங்கள் துறையின் வரலாறே சாட்சி.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மாணவர் உ.வே.சாமிநாதையரும் இருந்த நிலையை அருகருகே வைத்துப் பாருங்கள். ஆசிரியருக்கு நிலையான சம்பளம் கிடையாது. மடத்தின் ஆதரவும் ஊர்ப் பிரபுக்களின் கொடையும்தான். கேட்டவர்களுக்கெல்லாம் தலபுராணம் பாடிக் கொடுத்தார், கடனோடுதான் காலத்தைத் தள்ளினார். அவர் மேதைமையில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அதில் எவ்வளவு பங்கு இன்னொருவர் கேட்டதை எழுதுவதில் போயிற்று? 1876இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1880 பிப்ரவரியில், மாணவருக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. வாசலில் கேட்ட நண்பருக்குச் சிலப்பதிகாரம் வந்துவிட்டது.

அவர் பதிப்புக்காகக் கடனும் பட்டார், நூலை வாங்குவதாகக் கையொப்பம் சேர்த்து அலைந்தார், ஏடு தேடி ஊர் ஊராகப் போனார், எல்லாம் உண்மை. ஆனால் விடுமுறையில் ஏடு தேடப் போனவருக்கு, விடுமுறை முடிந்ததும் திரும்பிவர ஒரு வேலை இருந்தது. முதல் தேதி சம்பளம் வந்தது. சிலப்பதிகாரத்தை நம் கைக்குக் கொண்டுவந்ததில் அந்தச் சம்பளப் பட்டுவாடாவுக்கும் பங்கு உண்டு என்று நான் அடித்துச் சொல்வேன்.

இன்னொருவர் நம் பக்கத்துக்காரர். தேவநேயப் பாவாணர். 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்தார், சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். ராஜபாளையத்தை அடுத்த முறம்பில் படித்து, அங்கேயே இளம் வயதில் ஆசிரியராகவும் இருந்தார். இப்போது அவர் பெயரில் பாவாணர் கோட்டம் இருப்பதும் அங்கேதான். ஊர் ஊராகத் தமிழாசிரியர் வேலை, வீடு நிறையப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் இருவருக்கு நச்சினார்க்கினிய நம்பி, அடியார்க்கு நல்லான் என்று உரையாசிரியர்கள் பெயராகப் பார்த்து வைத்தார். பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியரை நினைத்துப் பார்க்கிறேன். 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் வேலை, அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1961 வரை. அதோடு நின்றது.

1961லிருந்து 1974 வரை பதின்மூன்று ஆண்டு, தமிழ்ச் சொற்களின் வேரை அவரளவுக்குத் தோண்டியவர் இல்லை என்று பலரும் மதித்த ஒருவருக்கு மாதச் சம்பளம் இல்லை. இடையில் மனைவி நேசமணி இறந்துபோனார். அவருடைய மாணவர் பெருஞ்சித்திரனார் 'தென்மொழி' இதழ் வழியாக வாசகர்களிடம் மாதாமாதம் பணம் திரட்டி, பாவாணர் செய்துவந்த தமிழ்ச் சொற்பிறப்பு அகரமுதலி வேலை நடக்க வழி பார்த்தார். அரசு அகரமுதலித் திட்டம் தொடங்கிப் பாவாணரை இயக்குநராக அமர்த்தியது 1974 மே மாதம். அப்போது வயது 72. 1981 ஜனவரியில், மதுரை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த இடத்தில் உடல்நலம் கெட்டு இறந்தார். அகரமுதலியின் முதல் பகுதி அச்சாகி வந்தது 1985இல். அவர் பார்க்கவில்லை.

அவருடைய கொள்கைகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவள் இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்ற இடத்தில் எனக்குக் கேள்விகள் உண்டு. அது வேறு கூட்டத்துக்கு. அந்தப் பதின்மூன்று ஆண்டும் அவருக்குச் சம்பளம் வந்திருந்தால், அகரமுதலி எத்தனை பகுதி அவர் கையாலேயே முடிந்திருக்கும்? வறுமை அவருடைய புலமையை வளர்க்கவில்லை, வயதைத் தின்றது. மேடையில் நாம் அவருடைய வறுமையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். கைதட்டு வாங்குகிற செய்தியா அது?

போன மாதம் என் மகள் கேட்டாள், "அம்மா, நான் பி.ஏ. தமிழ் எடுக்கவா?" தமிழாசிரியைக்கு மகிழ்ச்சி வர வேண்டும் இல்லையா? எனக்கு அண்ணாச்சி சிட்டை ஞாபகம் வந்தது. "வேற எதுவும் பிடிக்கலையா?" என்று கேட்டேன். அவள் விடவில்லை. "நீ வகுப்புல நூத்தம்பது பிள்ளைகளுக்குத் தமிழ் படிங்கன்னு சொல்ற, வீட்டுல ஒரு பிள்ளைக்கு வேண்டாம்ங்கிறியா?" என்றாள். அவள் அப்பா, ராத்திரி ஷிஃப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டே, "கேக்குறது நியாயம்தானே" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். பி.ஏ., பி.எட்., தகுதித் தேர்வு, அரசு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தாளுக்கு இருக்கிற எடை, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், மெய்ப்புத் திருத்தம். அவள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொகை போடச் சொன்னாள். சில இடங்களில் எனக்குப் போடத் தெரியவில்லை. விண்ணப்பம் திறக்கட்டும் என்று வைத்திருக்கிறோம், தமிழ் முதல் விருப்பம்.

அந்தத் தாளில் அவள் கடைசியாக எழுதிய ஒரு வரியை இங்கே அறிவிக்கச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத 200 ரூபாய், வாழ்த்து மடல் 300, கோயில் மலருக்குக் கட்டுரை என்றால் பக்கக் கணக்கு. கண்ணீர் அஞ்சலி மட்டும் இலவசம். ஆடிப்பூரம் வருகிறது, நோட்டீஸ் அடிக்கப் போகிற இரண்டு பேர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் முன்பணத்தோடு வந்து பாருங்கள்.